குட்டனின் கல்லீரலும் என் இலவச யோசனைகளும்

செம்பூரில் ஒரு நாய் டாக்டரிடம் முப்பத்தோரு வருடம் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தேன். மனிதர்களுக்கான ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால் கம்பவுண்டர் என்று மரியாதையாக ஒரு பெயர் கிடைத்திருக்கும். எங்கள் கிளினிக்கில் நாயைப் பிடித்துக்கொள்வது, எடை போடுவது, ஊசிக்கு முன்னால் முடியை மழிப்பது, மேஜையைத் துடைப்பது எல்லாமே நான்தான் என்பதால் எந்தப் பெயரும் முழுதாக ஒட்டவில்லை. வாடிக்கையாளர்கள் என்னை 'ஆதா டாக்டர்' என்றார்கள். அரை டாக்டர். அது கேலி என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. வேலையில் இருந்தவரை அதை ஒரு பட்டமாகவே சுமந்துகொண்டு திரிந்தேன்.

போன வருடம் ஓய்வு பெற்று, தாராவியை விட்டு டோம்பிவிலியில் மகன் வாங்கிய ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் ஃபோன் நிற்கவில்லை. இப்போது நாயின் கல்லீரலுக்கென்றே கறி வாசனையோடு, எலும்பு வடிவத்தில் பிஸ்கட்டுகள் வந்துவிட்டன. ஃபோனில் தட்டினால் மறுநாள் வாசலுக்கு வந்து நிற்கிறது. என் இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண் கவிதா சென்ற மாதம் கூப்பிட்டாள். "அங்கிள், எல்லாரும் ஏதாச்சும் ஒரு டப்பாவ வாங்கிட்டு வந்து இது குடுக்கலாமான்னு கேக்காங்க. நீங்க இருந்தா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள். டாக்டர் மேடத்தைக் கேள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நான் இருந்தபோது என்னவெல்லாம் சொன்னேன் என்பதை அவளிடம் ஃபோனில் சொல்லியிருக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் பம்பாய்க்கு வந்தது தாராவியில் சித்தப்பாவின் தோல் பட்டறையில் வேலை பார்க்க. இரண்டு வருடத்தில் அந்த வாடை தாங்காமல் வெளியே வந்தேன். செம்பூரில் நாய் ஆஸ்பத்திரிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, ஊரில் நாலு நாய் வளர்த்தவன் என்று அளந்துவிட்டேன். உண்மையில் எனக்கு நாய் என்றால் பயம். முதல் வாரத்திலேயே ஒரு பொமரேனியன் என் பொய்யைக் கண்டுபிடித்துக் கையில் கடித்தது. மேடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கே ஊசி போட்டுவிட்டு, நாளைக்கு ஒன்பது மணிக்கு வா என்றார்.

மேடம் என்று நான் சொல்வது டாக்டர் வசுதாவை. புனே பக்கத்து மராத்திக்காரர். குட்டையான உருவம், மெதுவான பேச்சு. முப்பத்தோரு வருடத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. என்னிடம் ஹிந்தியில் 'தும்' என்று ஒருமையில்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் 'ஆப்' என்று மரியாதைக்கு மாறிவிடுவார்.

அந்த மரியாதை எனக்கு முதன்முதலில் கிடைத்தது ஒரு மாத்திரையால். கல்லீரல் கெட்ட நாய்களுக்கு மேடம் ஒரு துணை மாத்திரை எழுதுவார். அது மருந்து அல்ல, ஈரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள உதவுகிற சத்து. வெறும் வயிற்றில் முழுதாக விழுங்கவைக்க வேண்டும். அதன் மேல்பூச்சு வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்த்தான் கரையும். உடைத்தால் உள்ளே இருப்பது காற்றுப் பட்டே வீணாகிவிடும். இதை அவர் எனக்குச் சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் நாய்க்காரர்கள் கவுண்டருக்கு வந்து, துப்பிவிடுகிறது, விழுங்க மாட்டேன் என்கிறது என்று புலம்புவார்கள். நம்மிடம் மருந்து இடிக்கிற சின்ன உரல் இருக்கிறதே என்று அவ்வளவையும் பொடித்து, முப்பது பொட்டலமாக மடித்து, தயிர் சாதத்தில் கலந்து கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கஷ்டமில்லாமல் வேலை முடிகிறதே என்று அவர்கள் என்னைக் கொண்டாடினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நாய் தயிர் சாதத்தையே தொடுவதில்லை என்ற புகாரோடு ஒரு பொட்டலம் மேடத்தின் மேஜைக்கு வந்துவிட்டது. அவர் அதைப் பிரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு புது மாத்திரை ஒன்றை என் கையில் கொடுத்து, "ஆப் பொடித்து நாக்கில் வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். அந்தக் கசப்பும் புளிப்பும் சாயங்காலம் செம்பூர் ஸ்டேஷனுக்கு நடக்கிறவரை வாயை விட்டுப் போகவில்லை. அந்த நாய்கள் தயிர் சாதத்தை ஒதுக்கியது ஏன் என்பது அன்றுதான் புரிந்தது. அதற்குப் பிறகு உரல் மேடத்தின் அறையில், பூட்டின அலமாரிக்குள் இருந்தது.

கல்லீரல் கேஸ் என்றால் மேடத்துக்கு ஒரு முறை உண்டு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்ததும் மருந்து எழுத மாட்டார். நாயின் வாய்க்குள் போகிற ஒவ்வொன்றையும் ஒரு பையில் போட்டு நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்பார். மறுநாள் ஸ்டீல் மேஜையில் பழைய மராத்தி பேப்பரை விரித்து, பையிலிருந்து ஒவ்வொன்றாகத் தானே எடுத்து வைப்பார். பை காலியாகும்வரை ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். பிறகு அவற்றை மூன்று கூறாகப் பிரிப்பார்: தான் எழுதியது, வேறு யாரோ சொன்னது, நாய்க்காரருக்கே தோன்றியது. மாத்திரை அட்டைகளில் மிச்சம் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பார். டப்பாவின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சடித்திருப்பதை லென்ஸ் வைத்து வாய்விட்டுப் படிப்பார். கடைசியில் ஒரே கேள்வி: இதை யார் சொன்னது?

பல சமயம் நாய்க்காரர்கள் என்னைக் கை காட்டுவார்கள். அப்போது மேடம் என்னைப் பார்க்க மாட்டார், மேலே ஓடும் மின்விசிறியைப் பார்ப்பார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பேன். அந்தத் தராசு போல் சுத்தமான தராசு செம்பூரிலேயே இருந்திருக்காது.

குட்டன் வந்தது நான் ஓய்வு பெற ஐந்தாறு வருடம் இருந்தபோது. மாட்டுங்காவில் தங்கம் மாமி வளர்த்த லாப்ரடார். பாலக்காட்டுக் குடும்பம். கணவர் காலமாகி, மகன் வெளிநாட்டில் இருக்க, மாமியும் குட்டனும் மட்டும் இரண்டாம் மாடியில். சாப்பாட்டுக்கு அலைகிற ஜாதி நாய், தட்டைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடிக்கடி வாந்தி. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண்கள் எகிறியிருந்தன. மகன் பணம் அனுப்பி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈரலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். ஈரலில் தாமிரம் சேர்ந்து கிடக்கிறது என்று அறிக்கை வந்தது. சில நாய்களுக்குச் சாப்பாட்டில் வருகிற தாமிரத்தை வெளியே தள்ளத் தெரியாது, அது ஈரலிலேயே தங்கி ஈரலைத் தின்றுவிடும் என்று மேடம் விளக்கினார். நானும் பக்கத்தில் நின்று எல்லாம் தெரிந்தவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியின் பையிலிருந்து பதினோரு சாமான்கள் வந்தன. நடுவில் ஒரு சின்ன டிபன் டப்பா. மேடம் அதைத் திறந்தபோது மாமி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். உள்ளே வேகவைத்த ஆட்டு ஈரல். ஈரல் கெட்டால் ஈரல் கொடுக்க வேண்டும் என்று வாட்ச்மேன் சொல்லி, வாட்ச்மேனே வாங்கி, வாட்ச்மேனே தன் அடுப்பில் வேகவைத்துக் கொடுத்ததாம். தாமிரம் நிறைய இருக்கிற சாமான்களில் ஈரலுக்குத்தான் முதல் இடம் என்றார் மேடம். அடுத்து ஒரு தாதுச்சத்துப் பொடி. லென்ஸ் வைத்துப் படித்ததில் அதிலும் தாமிரம். யார் சொன்னது என்று கேட்டதும் மாமி கொஞ்சமும் யோசிக்காமல், "நம்ம முத்துதான்" என்றார். மின்விசிறி அன்று ஓடவில்லை. இருந்தாலும் மேடம் அதையே பார்த்தார்.

ஈரலும் பொடியும் குப்பைக்குப் போயின. முந்திரி கூடாது, காளான் கூடாது, சாதம், முட்டை, பனீர் போதும் என்று மேடம் எழுதினார். செப்புப் பாத்திரத்தில் சமைப்பீர்களா என்றும் கேட்டார். சமைப்பது எல்லாம் ஸ்டீலில்தான் என்றார் மாமி. தாமிரத்தை ஒட்டி இழுத்துக்கொண்டு வெளியேற்றும் மருந்து ஒன்று, கூடவே அந்தத் துணை மாத்திரை, ஒரு முட்செடி விதையின் சாறு அடங்கிய சிரப். மாமி ஒரு டைரி போட்டு, வேளை தவறாமல் கொடுத்தார். என்னைப் போல் தலையாட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை அவர்.

மூன்று மாதம் ஆகியும் எண்கள் இறங்கவில்லை. ஒரு முறை கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறின. குட்டன் ஆறு கிலோ இளைத்துவிட்டான். மேடம் மாத்திரையை மாற்றி, வெளிநாட்டிலிருந்து வருகிற வேறு ஒரு துணைச் சத்தை வரவழைத்தார். மாமிக்கு முழங்கால் வலி, வர முடியவில்லை. தாராவிக்குப் போகிற வழிதானே, நீ கொடுத்துவிட்டு நாயையும் பார்த்து வா என்று மேடம் என்னை அனுப்பினார்.

மாமி காப்பி கொடுத்தார். குட்டன் என் செருப்பை முகர்ந்துவிட்டு, வாலை இரண்டு தடவை ஆட்டி, அதற்கே களைத்துப்போய்ப் படுத்தான். மாமி அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொண்டே சொன்னார். "இவன் போயிட்டான்னா இந்தாத்துல வா, போன்னு சொல்லறதுக்குக்கூட ஒருத்தர் கெடையாது முத்து. டாக்டர் சொன்னது எல்லாம் பண்ணியாச்சு. நீங்கோ சொன்னதையும் ஒரு நாள் விடலை."

நான் சொன்னதா என்று கேட்டேன். மாமி சமையலறைக்குப் போய், பளபளவென்று தேய்த்த ஒரு செப்புக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து குட்டனின் கிண்ணத்தில் ஊற்றினார்.

"ராத்திரி ரொப்பி வெச்சு கார்த்தால குடுக்கச் சொன்னேளே. ரெண்டு வருஷமா இதுதான். பாவம், வேற ஜலமே தொடமாட்டான்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கவுண்டருக்கு வருகிறவர்கள் மருந்தை வாங்கிக்கொண்டு சும்மா போக மாட்டார்கள். "இன்னும் ஏதாவது கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். சீட்டு இல்லாமல் நான் மருந்து கொடுக்கக் கூடாது. அதற்காக அரை டாக்டர் வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நானும் என் மனைவியும் காலையில் எழுந்ததும் செப்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கிறவர்கள். காசு செலவில்லை, கெடுதல் இல்லை, நம் முன்னோர் முட்டாள்களா என்று ஒரு சின்னப் பிரசங்கத்தோடு அதை எல்லோருக்கும் சொல்வேன். வருடக்கணக்காகச் சொன்னேன். மேடம் தாமிரம் என்று விளக்கியபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். செப்புப் பாத்திரத்தில் சமைப்பீர்களா என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சொன்ன தாமிரம் ஆஸ்பத்திரி அறிக்கையில் இருக்கிற ஏதோ ஒரு விஷம். என் குடத்தில் இருந்தது புண்ணியம். அன்று மாமியின் குடத்தைப் பார்க்கும்வரை இரண்டும் ஒன்று என்று என் மண்டையில் ஏறவே இல்லை. பையில் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்த மாமிக்கும் தண்ணீரைப் பையில் போடத் தோன்றவில்லை.

காப்பியைக் கீழே வைத்தேன். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். "மாமி, இனிமே ஃபில்டர் தண்ணி குடுங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். மழைக்காலத்தில் செம்புத் தண்ணீர் ஆகாது என்று சொன்னேன். அப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது, அந்த நிமிடத்தில் நானே இயற்றியது. மாமி அதையும் டைரியில் எழுதிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் குட்டன் தட்டை நக்க ஆரம்பித்தான். எண்கள் இறங்கின, மறுமாதம் இன்னும் இறங்கின. மேடம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பெண் போலச் சிரித்தார். புதுச் சத்து வேலை செய்கிறது என்றார். மாமி கவுண்டருக்கு வந்து என் கையில் ஒரு டப்பா நேந்திரங்காய் வறுவல் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன், ருசித்தும் தின்றேன்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் மேடம் அந்த வாரமே அந்தச் சத்தை வேறு இரண்டு நாய்களுக்கு எழுதினார். அதில் ஒன்றுக்குப் பழைய மருந்தை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். என் வாயால் ஒரு நாய் படுத்தது போதாதென்று, என் மௌனத்தால் இன்னொன்று படுத்துவிடும் என்று தோன்றியது. மத்தியானம் டீ வந்ததும் அறைக்குள் போய்ச் சொன்னேன். குடத்தையும் சொன்னேன், மழைக்காலத்தையும் சொன்னேன். மழைக்காலத்துக்கு ஹிந்தியில் காரணம் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

மேடம் டீயை முழுதாகக் குடித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டினால் தேவலை என்று நின்றிருந்தேன்.

"ஆப்னே கித்னே லோகோ கோ போலா?"

நீங்கள் எத்தனை பேரிடம் சொன்னீர்கள் என்று கேட்டார். நான் குட்டனையும் மாமியையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

நல்ல ஈரல் உள்ள நாய்க்கு அந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாமல் போகலாம், கெட்ட ஈரலுக்கு அது பாரம், எந்த நாய்க்கு எந்த ஈரல் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது என்றார் மேடம். கல்லீரல் கேஸ் பேப்பர்களை எல்லாம் எடுத்து, பெயரும் ஃபோன் நம்பரும் எழுதி, ஒவ்வொருவரிடமும் நானே பேச வேண்டும் என்றார். சொன்னேன் என்பதற்கு அடையாளமாகப் பெயருக்கு எதிரே ஒரு டிக். நாய் இறந்துபோயிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர்களிடமும்தான் என்றார். நாளைக்கு இன்னொரு நாய் வாங்குவார்கள், அதற்கும் ஊற்றுவார்கள்.

நாற்பத்தேழு பெயர்கள். தினமும் மத்தியானம் கிளினிக் மூடியிருக்கிற நேரத்தில் நாலைந்து பேரிடம் பேசினேன். முதலில் மாமி. முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்போ மழைக்காலம்னு சொன்னது?" என்றார். பொய் மாமி என்றேன். அவர் குட்டனை ஏதோ அதட்டிவிட்டு ஃபோனை வைத்துவிட்டார். அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது வறுவல் மேடத்தின் மேஜைக்குப் போயிற்று. குட்டன் அதற்குப் பிறகு மூன்று வருடம் நன்றாகவே இருந்தான்.

மற்றவர்களிடம் பேசப் பேசத்தான் என் செல்வாக்கு எனக்கே தெரியவந்தது. "நீங்க சொன்னது எதையுமே நாங்க செஞ்சதில்லையே" என்றார் செம்பூர் காலனிக்காரர் ஒருவர். இன்னொருவருக்கு நான் யார் என்றே நினைவில்லை, எடை போடுகிற ஆளா என்று கேட்டார். நாற்பது பேருக்கு மேல் என் யோசனையைக் காதில்கூட வாங்கியிருக்கவில்லை. அந்த அலட்சியம் எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. ஒவ்வொரு டிக் போடும்போதும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கடைசியாக ஒரு பெயரை மட்டும் தள்ளித் தள்ளி வைத்திருந்தேன். தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி, இட்லி அவித்து விற்கிற இசக்கியம்மாள். எங்கள் ஜில்லாக்காரர். அவருடைய வெள்ளை நாய் ராணி அதற்கு இரண்டு வருடம் முன்பு கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செத்துப்போனது. அதைச் செம்பூருக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனதே நான்தான். அவர் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். மாவு அரைத்துக்கொண்டிருந்தவர் கிரைண்டரை நிறுத்தி, கையைத் துடைத்து, உட்காரச் சொன்னார். ராணியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன்.

ராணி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. எழுந்து போய் மேலே பலகையிலிருந்து ஒரு சின்னச் செப்புக் குடத்தை இறக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க சொன்னியன்னுதான் அண்ணாச்சி அதுக்குன்னு இத வாங்குனேன். நாங்க எல்லாரும் பிளாஸ்டிக் டிரம்முத் தண்ணிதான் குடிச்சோம், அதுக்கு மட்டும் இதுல. வாய் தொறக்க முடியாத அன்னைக்கும் ஸ்பூன்ல இந்தத் தண்ணியத்தான் விட்டேன். என்னால முடிஞ்சத செஞ்சேன்லா அண்ணாச்சி?"

"செஞ்சிய" என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு நாலு இட்லி வைத்தார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பெயருக்கு எதிரேயும் டிக் போட்டேன். மறுநாள் மேடம் நோட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். நாற்பத்தேழும் சரியாக இருந்தது. "அச்சா கியா தும்னே" என்றார். நன்றாகச் செய்தாய் என்று பழையபடி ஒருமையில்.

இசக்கியம்மாள் இன்னும் அதே சந்தில்தான் இருக்கிறார். மறுபடி நாய் வளர்க்கவில்லை என்று என் மனைவி விசாரித்துச் சொன்னாள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.